தொப்பியைக் கழற்றச் சொன்னவர்கள்

என் வீட்டுக்காரரின் தலையில் இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு எலும்பு கிடையாது. அந்த எலும்பு அவர் வயிற்றில், தோலுக்கு அடியில் இருக்கிறது. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்த டாக்டர்கள், மூளை வீங்கியிருப்பதால் இப்போதைக்கு மூட முடியாது, எலும்பு கெட்டுப்போகாமலிருக்க வயிற்றுக்குள் வைத்துத் தைத்திருக்கிறோம், சில மாதம் கழித்து எடுத்துப் பொருத்துவோம் என்றார்கள். ஆகாத பாத்திரத்தைப் பரணில் தூக்கி வைப்பதைச் சொல்கிற குரலில் சொன்னார்கள். யாரும் தெரியாமல் அமுக்கிவிடக் கூடாது என்று தலைக்கட்டின் மேல் பேனாவால் ‘எலும்பு இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எல்லார் மேலும் கோபம்தான் வந்தது.

அவர் ஓட்டல் சப்ளையர். எங்கள் வீடு கேரள எல்லைப்பக்கம், பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி. அவர் வேலைசெய்த ஓட்டல் உதியன்குளங்கரை தாண்டி, நெய்யாற்றின்கரை போகிற பெரிய ரோட்டில். கல்யாணம் ஆன புதிதில் அது வேறு மாதிரி இருந்தது. முண்டு வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு தோர்த்துத் துண்டு, காதில் பென்சில், இவ்வளவுதான் சப்ளையருக்கு உடுப்பு. பொறோட்டா அடிக்கிற ஆள் மேலே சட்டை இல்லாமல் வாசலிலேயே நின்று அடிப்பார். வியர்வை சொட்டும். தின்ன வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் தின்றார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கண்ணாடிக் கதவு வந்தது. ஏசி வந்தது. பொறோட்டாக்காரரைப் பின்பக்கம் தள்ளி, தலையில் வலைத்தொப்பி மாட்டிவிட்டார்கள். சப்ளையர்களுக்குக் கறுப்பு பேன்ட், ஷூ. தோர்த்து போட்டு வந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான்.

மதிய ஊணுக்கு ஆள் வருமுன் மேனேஜர் எல்லாரையும் கைகழுவும் இடத்தின் பக்கம் வரிசையாக நிறுத்துவார். நகம் பார்ப்பார், தாடி பார்ப்பார், முடி பார்ப்பார். முடியைப் பின்னால் தள்ளி, படிய வாரி, பளபளவென்று வைத்திருக்க வேண்டும். இவருக்கு நல்ல முடி. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பைக்கில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் போனால் முடி வியர்வையில் நனைந்து ஒட்டிப்போகும். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் மேனேஜர், “இதெந்தா, நனஞ்ஞ கோழியோ?” என்று மலையாளத்தில் கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்களாம். சொல்லும்போது இவரும் சிரித்தார். ஆனால் மறந்தாரில்லை.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு புத்தி உண்டு. ஹெல்மெட் போடாதவர்களைப் படம் பிடிக்கிற கேமராக் கம்பம் எது எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கம்பம் வருமுன் எடுத்துத் தலையில் வைப்பார்கள், கடந்ததும் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொள்வார்கள். தெற்கே களியக்காவிளைக்குப் போகிறவர்களும் தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் இதைத்தான் செய்வார்கள். இவரும் உதியன்குளங்கரைக் கம்பம் தாண்டியதும் ஓடுகிற வண்டியிலேயே கழற்றிவிடுவார். மிச்ச தூரத்துக்குக் காற்றுப்பட்டு முடி காய்ந்துவிடும், ஓட்டல் வாசலில் ஒரு சீப்பு போட்டால் போதும்.

“தலைக்குத்தானே அத வேண்டினது, கைமுட்டுக்கா?” என்று கேட்டேன்.

“முட்டுக்கு முடி இல்லல்லா மக்கா” என்றார்.

இப்படிப் பேசுகிற மனுஷனிடம் என்னத்தைச் சொல்வது. ஒருநாள் ஒரு சாமான் ஆட்டோ பக்கத்து ஒழுங்கைச் சந்திலிருந்து பார்க்காமல் திரும்பி இவர் வண்டியில் மோதியது. கம்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான். ஹெல்மெட்டை யாரோ பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு கீறல் இல்லை அதில்.

வீட்டுக்கு வந்தபின் வலதுகை கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆனது. நடக்கலாம், தட்டு பிடிக்கலாம். பேச்சு மட்டும் கொஞ்சம் நின்று நின்று வரும். கண்ணாடியில் முதல்முறை தலையைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த இடம் குழிந்துபோகும், படுத்தால் மேலே எழும்பும், இருமினால் துடிக்கும். நீள நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.

“இந்தத் தலைய ஆரும் காணக்கூடாது, கேட்டியா. நீ கண்டது போதும்.”

பாறசாலைச் சந்தையில் கறுப்புத் துணித்தொப்பி ஒன்று வாங்கிவந்தேன். அன்றுமுதல் அது அவர் தலையை விட்டு இறங்கவில்லை. குளிப்பாட்டும்போது மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, நான் எடுப்பேன். ஒரே வீட்டில் இருக்கிற அவருடைய அம்மாவே இதுவரை பார்த்ததில்லை. அவர்களும் கேட்கவில்லை. தூங்கும்போதும் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவார்.

ஆனால் எங்கள் ஊரில் தலையில் ஒன்றை வைத்துக்கொண்டே இருக்க விடமாட்டார்கள். மூத்தவர் யாரும் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய முண்டை இறக்கிவிட வேண்டும். தலைக்கெட்டு இருந்தால் அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். தலையை மூடிக்கொண்டு சோற்றுக்கு முன்னால் உட்காரக்கூடாது. பேங்கில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், நகைக்கடையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஹெல்மெட், தொப்பி கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று. எழுதாத இடத்தில் ஆட்கள் வாயால் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது இருவரும் போனோம். இவருக்கு வேண்டிய மனுஷர் அவர். பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். முற்றத்தில் நுழையும்போதே ஆண்கள் எல்லாரும் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் முண்டை இறக்கிவிட்டு, கைகளைக் கட்டி, முறையாகத்தான் நின்றார். தொப்பி மட்டும் இருந்தது. இறந்தவரின் மருமகன், நல்ல ஆள்தான், கூட்டத்தில் அப்போதைக்கு யார் என்று கவனிக்காமல் சொல்லிவிட்டார்.

“எலே, தொப்பிய எடுடே. செத்த வீடாக்கும்.”

அத்தனை முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறக்கப் போனேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அப்படியே பின்னால் நடந்து, ஒழுங்கையில் இறங்கி, வீட்டுக்குப் போய்விட்டார். பெரியவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான் நின்றேன். எனக்குப் பின்னால் ஒருவர், “ஆக்சிடென்ட் ஆனா மரியாத மறந்து போவுமா” என்று மெதுவாகக் கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா. திரும்பி, “மரியாத உங்கக்கிட்ட நெறய இருந்தா கொஞ்சம் வாயில வச்சு அடச்சுக்குங்க” என்றேன். செத்த வீட்டில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா அது. ஆனால் அதைவிடக் கூடுதலாகப் பேசாமல் விட்டேனே என்றுதான் இப்போதும் இருக்கிறது.

அதற்குப் பின் கல்யாணம், காதுகுத்து ஒன்றுக்கும் வரவில்லை. சாயாக்கடைக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு கூட்டாளி விளையாட்டுக்குத் தொப்பியின் விளிம்பைப் பிடித்து இழுத்திருக்கிறான். இவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டதில் கொதிக்கிற சாயா மடியில் கொட்டிவிட்டது. தொடை வெந்து வீட்டுக்கு வந்தார். மருந்து போடும்போது, “கண்டானா அவன்?” என்று என்னிடம் கேட்டார். நான் அங்கே இல்லை, எனக்கெப்படித் தெரியும். “கண்டிருக்க மாட்டான்” என்றேன். வெந்த தொடை அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஓட்டலுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் பேச்சாக இருந்தது. எந்த மேசைக்கு யார் வருவார், யாருக்கு மீன்சாறு தனியாக வேண்டும், யாருக்குச் சோறு உடைந்திருக்கக் கூடாது, எல்லாம் சொல்லுவார். பேச்சு திக்கினாலும் அதில் மட்டும் திக்காது. கடைசியில் நான் வேலைசெய்கிற கடையில் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

மேனேஜர் மோசமான ஆள் இல்லை. ஃபேமிலி ரூமில் உட்காரவைத்து சாயா வரவழைத்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். பிறகு மலையாளத்தில் மெதுவாக ஆரம்பித்தார். தொப்பி வைத்துக்கொண்டு சப்ளை செய்ய முடியாதே, குடும்பமாக வருகிற இடம், தலையில் ஏதோ நோய் என்று நினைத்தால் சோறு இறங்குமா.

“அடுக்களையில எல்லாரும் தொப்பிதானே” என்றேன்.

அது வலை, உள்ளே இருப்பது தெரியும் என்றார். பிறகு இவர் பக்கம் குனிந்து, “ஒந்நு எடுக்காமோ? ஞான் நோக்கட்டே” என்றார். ஒரு தடவை எடு, நான் பார்க்கிறேன் என்று, தோளில் தட்டிக்கொண்டே கேட்டார்.

இவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சாயா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“எதுக்குப் பாக்கணும்? தலையா சோறு விளம்பப் போவுது, கையல்லா?”

மேனேஜர் சிரித்துவிட்டார். எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். அதற்குள் ஒரு பெரிய தலைப்பாகை. சிவப்புத் துணி, ஜரிகைக் கரை, மேலே கஞ்சி போட்டு விறைத்து நிற்கிற விசிறி. கூடவே பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டு, ஒட்டுமீசை. ரோட்டோரம் நின்று வண்டிகளுக்குச் சல்யூட் அடித்து உள்ளே கூப்பிட ஒரு ஆள் இருந்தாராம், வெயில் தாங்காமல் போய்விட்டாராம். தலை மூடியிருக்கும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், தலை சரியானதும் பழைய மேசைக்கே வந்துவிடலாம் என்றார்.

கறுப்புத் தொப்பி வைத்த ஆள் சோறு கொண்டுவந்தால் அருவருப்பாம். சிவப்புத் தலைப்பாகை வைத்த ஆள் வாசலில் நின்றால் அந்தஸ்தாம். துணிக்குள் இருப்பது ஒரே தலைதானே. இதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லவிடாமல் செய்தது இவர்தான். பாகையைத் தூக்கிக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தொப்பி மேலேயே அதை வைத்து அழுத்தி, கண்ணாடியில் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கண்ணாடியைப் பார்த்து அவர் சிரித்தது அன்றுதான்.

வெளியே வந்ததும் கேட்டேன். “வெயிலு கூடாதுண்ணு டாக்டர் சொன்னது ஞாவகம் உண்டா?”

“போர்டுக்க நிழலு உண்டு அங்க.”

“விழப்பிடாதுண்ணும் சொன்னாரு.”

“நிண்ணுட்டுத்தானே இருக்கப் போறேன். நிக்கிறவன் எதுக்கு விழப்போறான்? எலும்பு வைக்கிற வரைக்கும்தான் மக்கா. பின்ன டேபிளுக்குப் போயிருவேன்.”

நான் நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிற்கிறதுதான். உட்காரலாம் என்று சட்டம் வந்தபின் ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதன்மேல் பொம்மையின் கழன்ற கையை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் காலையில் வரிசை உண்டு. யூனிஃபார்ம் சேலையின் மடிப்பு, ஊக்கு, வலைக்குள் கொண்டை, புருவம், உதட்டுச் சாயம். வெளுத்துத் தெரிந்தால் சூப்பர்வைசர் அம்மா தன் பையிலிருந்து எடுத்து அவளே பூசிவிடுவாள். செல்போனை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வாள். கடை விடும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

சாயங்காலம் திரும்பும்போது என் பஸ் அந்த ஓட்டலைக் கடந்துதான் வரும். முதல் வாரங்களில் அவர் வெறுமனே விறைத்து நின்று சல்யூட் அடிப்பார். பிறகு எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த ஓட்டல்காரன் கரடி வேஷத்தில் ஒருவனை நிறுத்தினான். கரடி ஆடியது. வண்டிகள் அங்கே திரும்பின. மேனேஜர் இவரிடம், சும்மா நின்றால் போதாது, கொஞ்சம் கையைக் காலை ஆட்டு என்றிருக்கிறார்.

சொந்தக் கல்யாண வீட்டில்கூட ஆடாத மனுஷர். அவர் ஆடினார். விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டு, இடுப்பை ஒடித்து, சுற்றிச் சுற்றிக் குனிந்து. நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் கூட்டாளியிடம், “நல்ல ரசமாட்டு ஆடுதான், கண்டியா” என்றாள். அந்தப் பாகைக்குக் கீழே, தொப்பிக்குக் கீழே, வெறும் தோல்தான் இருக்கிறது என்று அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் சண்டை போட்டேன். ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன்.

“ஆடியது ஆருண்ணு ஆருக்கும் தெரியாது” என்றார். “மீச இருக்கு, பாக இருக்கு. சாயாக்கடையில தொப்பிய இழுத்த பயலே போன வாரம் பைக்க நிறுத்திப் பாத்தான். அவனுக்கும் தெரியல்ல. அதாக்கும் சுகம்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். “டேபிளுக்குப் போனப்பறம் நானே சொல்லுவேன் எல்லாருட்டயும். அந்தக் கோமாளி நானாக்கும்ண்ணு.”

எலும்பு வைக்க ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். அந்தத் தேதிக்காகவே இருந்தார். முடி இப்போதே வளர ஆரம்பித்துவிட்டது, தையல் மறைகிற அளவுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். வலிப்பு வராமலிருக்கக் காலையும் இரவும் ஒரு மாத்திரை உண்டு. காலை மாத்திரை போட்டால் கண் சொருகும், ஆட வராது. அதனால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் மதியச் சோற்றுக்குப் பிறகு தின்றிருக்கிறார். இது எனக்குப் பின்னால் ஆஸ்பத்திரியில்தான் தெரியவந்தது.

ஒருநாள் மதியம் எங்கள் கடையில் சாப்பாட்டுக்கு ஸ்டாக் ரூமில் உட்கார்ந்திருந்தோம். என்கூட வேலைசெய்கிற ஒரு பெண், சின்ன வயசு, எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவள், பெட்டியில் போடாமல் ஒளித்துவைத்த போனை எடுத்தாள். சேலைக் கட்டுகளுக்கு நடுவில் வைத்து எல்லாரையும் கூப்பிட்டாள்.

“சேச்சி, இது கண்டோ? நம்மட ரோட்டிலுள்ளதாணு.”

கையில் சோறோடு எட்டிப் பார்த்தேன். காருக்குள்ளிருந்து யாரோ எடுத்த வீடியோ. அவர் சல்யூட் அடித்தார். வலதுகை நெற்றிக்குப் போனது, அங்கேயே நின்றது, நடுங்கியது. காருக்குள் சிரிப்பு. ஒரு குழந்தை கைதட்டியது. உடம்பு முழுக்க உதறியது. “அடிபொளி, அடிபொளி” என்று ஒரு ஆண்குரல் மெச்சிக் கத்தியது. எடுத்தவர்கள் அதையும் ஆட்டம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். என்கூட இருந்தவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கால் மடங்கி அவர் பக்கவாட்டில் விழுந்தார். பாகை உருண்டு ரோட்டோரச் சாக்கடைக்குள் போனது. கூடவே கறுப்புத் தொப்பியும். எடுத்த ஆள் காரிலிருந்து இறங்கிக் கிட்டே போயிருக்கிறான். படம் தலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. “அய்யோ, தல நோக்கடா” என்றது அதே குரல். அந்தக் குழியை வெயிலில் அப்படி நான்கூடப் பார்த்ததில்லை.

அதோடு முடிந்து, தானாகவே முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் மறுபடியும் சல்யூட் அடித்தார்.

“எனக்க ஆளாக்கும் அது” என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனைக் கீழே போட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெட்டியில் பூட்டிக்கிடந்த என் போனுக்கு மேனேஜர் எத்தனை தடவை கூப்பிட்டாரோ, அது இனிமேல்தான் தெரியவேண்டும். மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். வாசலில் சூப்பர்வைசர் அம்மா மறித்தாள். விஷயத்தைச் சொன்னேன். பாவம் என்றாள், சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள், போனைக் கையில் கொடுத்துவிட்டு, யூனிஃபார்மோடு வெளியே போகக்கூடாது, மாற்றிவிட்டுப் போ என்றாள். நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. தலையில் வலையும் உதட்டில் சாயமுமாக ஒரு ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அவர் மயக்கத்தில் இருந்தார். விழுந்தது வலது பக்கமாக, அதனால் உயிர் இருக்கிறது என்றார் டாக்டர். இனி எலும்பு வைப்பதை இப்போதைக்கு நினைக்க முடியாது, வலிப்பு அடங்க வேண்டும், எத்தனை மாதம் என்று சொல்லமுடியாது என்றார். மேனேஜர் வராந்தாவில் நின்று அழுதார். அவர் அழுகை உண்மைதான். எனக்கு அது ஒன்றுக்கும் ஆகவில்லை. தலை வெறுமனே கிடந்தது. யூனிஃபார்ம் சேலையின் முந்தியை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டு, துணி எட்டுவதற்காகக் கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் அதியன்னூர்க்காரி ஒருத்தி, தன் புருஷனுக்குத் துணையாக இருந்தாள். நல்ல மனசுக்காரி. நான் வந்ததும் குடிக்கத் தண்ணீர் தந்தாள், ஏதாவது தின்றாயா என்று விசாரித்தாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு இவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கை மெல்ல எழும்பித் தலைக்குப் போனது. சேலைத் துணியைத் தடவியது, துணிக்குக் கீழே விரலை விட்டுத் தடவியது. தொப்பி இல்லை என்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்து மூடினார். சொல் வர வெகுநேரம் ஆனது.

“ஆராவது… கண்டாவளா?”

“இல்ல” என்றேன். “ஆரும் காணல்ல. விழுந்த உடனே மேனேஜர் ஓடி வந்து துணியப் போட்டு மூடியாச்சு. பாக அப்பிடியே தலையிலதான் இருந்துது.”

“நெசமாட்டா?”

“நெசமாட்டு.”

மூச்சு விட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. “டாக்டரிட்ட… தேதி மாறாம… சொல்லு. டேபிளுக்குப் போணும்” என்றார்.

“சொல்லுதேன்” என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். அதியன்னூர்க்காரி கையிலிருந்த போனைப் பார்க்கிறாள், இவரைப் பார்க்கிறாள், திரும்பவும் போனைப் பார்க்கிறாள். என் கண்ணைக் கண்டதும் அவள் முகம் கருத்துப் போனது. நான் தலையை மட்டும் அசைத்தேன், வேண்டாம் என்று. அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, முந்தியால் வாயைப் பொத்தினாள்.

“அவ ஏன் அழுவுதா?” என்று இவர் கேட்டார்.

“அவளுக்க ஆளுக்கு முடியல்ல, அதாக்கும்” என்றேன்.